சம்பந்தி சமுத்திரத்துக்குக் குதிரைவாலி புகட்டிய படலம்

ராஜபாளையம்
8-2-1988

என் அக்கா பெற்ற ஒரே செல்வம், ஸ்ரீவில்லிபுத்தூர் சமஸ்தானத்தின் ஏக மருமகள் ஆவுடையம்மாளுக்கு, தாய்மாமன் சங்கரலிங்கம் ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. நான் இங்கே மலை மாதிரி இருக்கிறேன். மழை பெய்தால் மலைக்காவது ஈரம் ஏறும், எனக்கு அதுவும் இல்லை. நீ அங்கே எப்படி? ஜோத்பூரில் துப்பாக்கி பிடிக்கிற மாப்பிள்ளை காளிராஜ் சுகமாகக் கடிதம் போடுகிறாரா?

உன் கார்டு வந்தது. முதலில் தபால்காரர் படித்தார், பிறகு பக்கத்து வீட்டு மாடத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், கடைசியாக நான் படித்தேன். உன் மாமனார், என் சம்பந்தி சமுத்திரத்துக்குச் சர்க்கரை என்றும், வலது கால் பெருவிரலில் புண் ஆறவில்லை என்றும், மாத்திரையோடு அரிசிச்சோற்றையும் குறைக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் அறிந்து மூன்று பேரும் வருந்தினோம்.

உன் மறுவீட்டு விருந்தில் நான் ஒரே ஒரு கம்மஞ்சோற்று உருண்டையை இலையில் வைத்ததற்கு, இலையை விட்டு எழுந்து, “இனி நீரு என் வாசலை மிதிக்கப்படாது, நானும் உம்ம வாசலை மிதிக்க மாட்டேன்” என்று வேட்டியை உதறிக்கொண்டு போன மனுசர். அந்த உதறலில் கிளம்பிய புழுதியால் பக்கத்து ஊர் சோழபுரத்தில் ரெண்டு நாள் சூரியன் தெரியவில்லை. அன்றிலிருந்து, பஸ்ஸில் ஏறிக் கண்ணசருவதற்குள் இறங்கிவிடுகிற தூரத்துக்கு, ஜோத்பூருக்கு எழுதுகிற மாதிரி இன்லண்டு கடிதம் வாங்கி எழுதுகிறேன்.

இருந்தாலும் அந்தக் கால் முழுசாக இருக்க வேண்டும். அவர் படுத்துவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? மூளையைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். தீட்டுகிற சத்தத்தில் தெருவில் யாருக்கும் தூக்கம் இல்லை.

உன் மாமன்
சங்கரலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20-2-1988

அன்புள்ள மாமாவுக்கு ஆவுடை கும்பிட்டு எழுதுவது. நான் நல்லா இருக்கேன். மாட்டுக்கும் கன்னுக்கும் சுகம்தான். நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுதியளா? அதை மட்டும் எழுதவே மாட்டேங்கீங்க.

மாமனாருக்குப் புண் அப்படியேதான் இருக்கு. மாத்திரை திங்காக. ஆனா சோறு? தட்டுல மலை மாதிரி வைக்கணும். ஒரு கரண்டி குறைச்சு வச்சா, தட்டையும் பாக்காக, என்னையும் பாக்காக. அந்தப் பார்வைக்கு ரெண்டு கரண்டி சேத்து வச்சுருதேன். கேப்பைக்களி கிண்டட்டுமான்னு ஒருநாள் கேட்டேன். “நம்ம வீட்டுல நெல்லுச்சோறு தவிர வேற பொங்கக்கூடாது தாயி”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாக.

அத்தை இருந்தாலாவது அதட்டுவாக. இப்ப நானும் அவியளும் மட்டும்தானே. ஆடியில லீவு கெடைக்கும்னு உங்க மாப்பிள்ளை எழுதியிருக்காக. “அப்பா கால் எப்படி இருக்கு?”ன்னு ஒவ்வொரு கடிதாசியிலயும் கேக்காக. நான் என்ன மாமா எழுத? விரலை எடுத்துட்டாகன்னு எழுத எனக்குக் கை வராது.

ஏதாவது வழி சொல்லுங்க.

ஆவுடை


ராஜபாளையம்
1-3-1988

கவலையே உருவான என் கண்மணிக்கு, தென்பாண்டிச் சீமையின் சமையல் சக்கரவர்த்தி எழுதும் ராஜாங்க ஓலை. என் உடம்பைக் கேட்டாய். இரும்பு வந்து என்னிடம் யோசனை கேட்டுவிட்டுப் போகிறது.

வழி பிறந்துவிட்டது. கண்டக்டர் தங்கச்சாமி கையில் ஒரு மூட்டை கொடுத்துவிட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது குதிரைவாலி. மாடத்தி குத்திப் புடைத்து வெள்ளை வெளேர் என்று ஆக்கியிருக்கிறாள். வேகவைத்தால் குருணை அரிசிக்கும் இதற்கும் அந்தப் பிரம்மதேவனாலேயே வித்தியாசம் சொல்ல முடியாது. சம்பந்தி கேட்டால், “மாமா சிநேகிதர் வடக்கே இருந்து அனுப்பின புது ரக அரிசி” என்று சொல். வடக்கு என்றால் நம்மவர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

செய்முறை: கல் அரித்துக் களைந்து செத்த நேரம் ஊறவை. ஒன்றுக்கு ரெண்டு தண்ணீர். கொதித்ததும் தீயை இறக்கி மூடிவிடு. பொறுமை இல்லாமல் கிளறினால் களியாகிவிடும், குட்டு உடைந்துவிடும். இதெல்லாம் மாடத்தி சொல்லி நான் எழுதுவது அல்ல. நான் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டுகிறாள்.

இதைச் சாதாரணமாக நினைக்காதே. அந்தக் காலத்து ராஜாக்கள் காலையில் குதிரைவாலிச் சோறு உண்டுவிட்டு, வழியில் நின்ற யானையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போருக்குப் போனார்கள். நெல்லுச்சோறு வந்த பிறகுதான் யானை நம்மைத் தூக்க ஆரம்பித்தது. நம் முன்னோர் சாப்பாட்டை மீட்டு இந்த நாட்டையே எழுந்து நிற்க வைப்பது என்று சங்கல்பம் செய்திருக்கிறேன். முதல் படை ஸ்ரீவில்லிபுத்தூர் மேல்.

தங்கச்சாமி திரும்பி வரும்போது பால்கோவா கொஞ்சம் கொடுத்துவிடு. தின்பதற்கு அல்ல. எதிரியின் பலத்தை ஆராய்வதற்கு.

தளபதி சங்கரலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-3-1988

மாமாவுக்கு ஆவுடை எழுதுவது. நீங்க எழுதினதுல எது நெசம் எது பொய்னு பிரிக்கவே எனக்கு அரை நாள் ஆகுது. ஆனா மூட்டை நெசம்.

மாமா, சாப்பிட்டுட்டாக! நீங்க சொன்ன மாதிரியே பொங்கி, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு ஊத்தி வச்சேன். கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முதல் வாய் வச்சதும் செத்த நேரம் மெல்லாம இருந்தாக. “அரிசி புதுசா?”ன்னாக. “வடக்க இருந்து வந்தது மாமா”ன்னேன். “ம்” அம்புட்டுத்தான். தட்டைக் காலி பண்ணிட்டாக. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும்.

சந்தோசத்துல தூக்கமே வரலை. தெருவுல போற எல்லாரையும் நிப்பாட்டிச் சொல்லணும் போல இருக்கு. சொல்லவும் முடியலை.

பால்கோவா அனுப்பியிருக்கேன். ஆராய்ச்சிக்கு எதுக்கு மாமா அரைக்கிலோ?

ஆவுடை


ராஜபாளையம்
20-3-1988

வெற்றித்திருமகளே, வாழ்க! நலம் விசாரிக்க நேரமில்லை. இங்கே வெற்றி விழா நடந்துகொண்டிருக்கிறது.

உன் கடிதம் கண்டு நான் போட்ட கும்மாளத்தில் மில்லில் சங்கு ஊதியதுகூட யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது ஷிப்ட்காரர்கள் வேலைக்கு வரவில்லை என்று கேள்வி. வத்திராயிருப்பு நஞ்சைச் சக்கரவர்த்தி, மூன்று போகம் நெல் விளைவிக்கிற மகாராஜா சமுத்திரம், என் ஒரு மூட்டைக்கு மண்டியிட்டார்! சரித்திரம் எழுதுகிறவர்கள் நல்ல மையாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த படை தயார். சாமைப் பொங்கல், தினை உப்புமா, வரகுப் புளியோதரை. சம்பந்தி அடுத்த தைக்குள் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிப்பார். பஸ்ஸால் அவரைப் பிடிக்க முடியாது.

இங்கே வெயில் இப்போதே ஏறிவிட்டது. பானைத் தண்ணீரை நான் ஒருவனே காலி செய்கிறேன், தாகம் அடங்குவதாக இல்லை. மூக்குக் கண்ணாடியும் சரியாக இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் அது கண்ணாடி செய்த சதி.

ஆராய்ச்சி பாதியில் நிற்கிறது. இன்னொரு அரைக்கிலோ இருந்தால் முடிவு தெரிந்துவிடும்.

சங்கரலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9-4-1988

மாமாவுக்கு ஆவுடை எழுதுவது. இந்தத் தடவை எப்படித் தொடங்கன்னே தெரியலை, அதான் எழுத இத்தனை நாளாயிட்டு.

மாமனாருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு மாமா.

நாலாவது நாள் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாக. வாய்க்குப் போகலை. என்ன மாமான்னு கேட்டேன். “தாயி, குதிரைவாலிக்குக் களை பறிச்ச கை இது. நீ ஒலையில போட்டதுமே வாசம் தெருவுக்கு வந்துட்டு. கதவுக்குப் பின்னால நீ பயந்து பயந்து நின்னியா, அதான் மூணு நாளும் தின்னேன். இன்னிக்கு எறங்கலை”ன்னாக.

எனக்கு நிலத்துக்குள்ள போயிரலாம் போல ஆயிட்டு. அவிய கோவப்படலை. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். உங்க கடிதாசியை வாசின்னு சொன்னாக. வாசிச்சேன். யானைக்கிட்ட வந்ததும், “போதும்”னாக.

“உன் மாமன் ராசா தின்னாருங்காரு. ராசா தின்னதை நான் பாக்கலை. கான்சாபுரத்துல நான் சின்னப்பயலா பண்ணைக்கு நின்ன வீட்டுல, உள்ள நெல்லுச்சோறு வேகும். எங்களுக்குக் கொல்லையில, பனையோலைப் பட்டையில, குதிரைவாலிக் கஞ்சி. உக்காரச் சொல்லமாட்டாக. ஒசக்க நின்னு ஊத்துவாக, கை பட்டுறக்கூடாதுல்லா. சூட்டோட முழங்கைக்கு வழியும், அதையும் நக்குவோம். வத்திராயிருப்புல நஞ்சை கிரயம் பண்ணுன அன்னிக்கு நெனச்சேன், இனி என் வீட்டுல நெல்லுச்சோறுதான்னு. இந்த விரலுக்காக அதை மாத்தச் சொல்லுதியா? போனாப் போகுது தாயி.”

அன்னியிலிருந்து பழையபடி அரிசிதான் பொங்குதேன். புண்ணுல நீர் வடியுது.

ஆவுடை


ராஜபாளையம்
28-4-1988

ஆவுடைக்கு மாமன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்து நாளாயிற்று.

இந்தக் கடிதத்தில் யானை இல்லை.

இனி அவருக்குத் தெரியாமல் எதையும் உலையில் போடாதே. அந்த மூட்டையை மாட்டுக்கு வைத்துவிடு.

ஆனால் விரல் போனால் போகிறது என்று அவர் சொன்னதற்கு மட்டும் தலையாட்டாதே. இங்கே எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் சர்க்கரைதான். ஊருக்கெல்லாம் வக்கணையாகப் பத்தியம் சொல்வார், தன் வாய்க்கு மட்டும் சொல்ல மாட்டார். கேட்க ஆள் இல்லை. அவர் கதி சம்பந்திக்கு வரக்கூடாது. சம்பந்தியைக் கேட்க நீ இருக்கிறாய்.

பால்கோவா வேண்டாம்.

சங்கரலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5-6-1988

மாமாவுக்கு ஆவுடை எழுதுவது. எப்படி இருக்கீங்க? ரெண்டு கார்டு போட்டேன், பதில் இல்லை. தங்கச்சாமியண்ணன்கிட்டக் கேட்டா, பஸ்ஸு ரூட்டு மாத்திட்டாக, உங்களைப் பாக்கலைங்காரு. நானே பஸ் ஏறி வந்துருவேன், இவியளை ஒத்தையில விட்டுட்டு எப்படி வர?

டாக்டர் நேத்துப் பாத்தாரு. “இன்னும் ஒரு மாசம் பாப்போம், வாயைக் கட்டலைன்னா எடுத்துர வேண்டியதுதான்”னு அவிய முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. அவிய “சரி”ன்னாக. ஆளு அசையலை.

ஆனா ஒண்ணு மாமா. தபால்காரர் தெருவுல வந்தா இவிய வாசலுக்கு வந்துருதாக. “உன் மாமன் கார்டு இல்லையா?”ங்காக. இல்லைன்னா, “நான் எதுக்குக் கேக்கேன், சும்மா கேட்டேன்”ங்காக. நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால உங்க கடிதாசி அம்புட்டையும் எடுத்து வாசிக்கச் சொன்னாக. சோழபுரத்துல சூரியன் தெரியலைங்குற எடத்துல, சத்தியமா மாமா, சிரிச்சாக. கடைசிக் கடிதாசி வாசிச்சு முடிச்சதும் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாக. பொறவு, “அந்தத் தெரிஞ்ச ஆளு வெலாசம் என்னன்னு கேட்டியா?”ன்னாக.

கையில இருந்த கடிதாசியை அப்படியே வச்சுட்டேன். தாகம், கண்ணாடி, பால்கோவா... மாமா, அந்த ஆளு யாரு?

கெணத்து மோட்டாரை ரிப்பேர் பண்ணி காயில் கட்டணும்னு அவிய நாளைக்கு ராஜபாளையம் வாராக. காயில் கட்டுற கடை எங்க தெருவுலயே இருக்கு.

ஆவுடை


ராஜபாளையம்
8-6-1988

மருமகள் ஆவுடைக்கு சமுத்திரம் எழுதியது. சுகமாய் வந்து சேர்ந்தேன்.

தெரிஞ்ச ஆளு உன் மாமன்தான். கட்டிலில் கிடக்கிறார். போன மாசம் வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார். மாடத்தி ரிக்சா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். உனக்குத் தெரிவிக்கக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டாராம். சர்க்கரை என்னைவிட அதிகம். ரெண்டு வருசமாய் இருக்காம். இப்போது ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார். பயப்படாதே.

வீட்டில் தேடினேன். குதிரைவாலி ஒரு மணி கிடையாது. அம்புட்டும் உனக்கு வந்திருக்கிறது. அடுப்பில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. இவர் தின்கிறது ஓட்டல் பரோட்டா. கேட்டால், ஒத்தை ஆளுக்கு எவன் பொங்குவான் என்கிறார்.

நான் நாலு நாள் இருக்கணும். மாட்டுக்குத் தவிடு வாங்கி வை. மோட்டாரைப் பற்றிக் கவலைப்படாதே. அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சமுத்திரம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15-6-1988

மாமாவுக்கு ஆவுடை எழுதுவது. ஞாயித்துக்கிழமை வந்தப்போ உங்களைப் பாத்ததும் எனக்கு அழுகைதான் வந்துச்சு. பால் கறக்க ஆள் இல்லைன்னு உடனே திரும்பிட்டேன். அதான் எழுதுதேன், உக்காந்து நல்லா வாசிங்க.

ரெண்டு வருசம். எத்தனை இன்லண்டு! யானைக்கு எடம் இருந்துச்சு, ராசாவுக்கு எடம் இருந்துச்சு. உங்க உடம்பைப் பத்தி எழுத ஒரு வரி எடம் இல்லையா? அப்பா அம்மா இல்லாத பிள்ளைன்னு என்னை வளத்துக் கட்டிக்குடுத்தீக. நான் உங்களுக்கு யாரு? நீங்க கேட்டதும் அரைக்கிலோ பால்கோவாவைப் பொட்டலம் கட்டி அனுப்புனேனே, அந்தக் கையை என்ன செய்ய?

உங்களைத் திட்ட இன்னும் இருக்கு, இன்லண்டு பத்தாது.

மாமனார் நாலு நாள்னு வந்தாக, இன்னும் வரலை. அங்க என்ன திங்காக? ஓட்டல் சோறு அளவில்லாமத் தின்னா டாக்டர் சொன்ன கெடு என்னத்துக்கு ஆகும்? எனக்கு ரெண்டு ஊருக்கும் நடுவுல உசிரு அலையுது. உடனே எழுதுங்க. பொய் இல்லாம எழுதுங்க.

ஆவுடை


ராஜபாளையம்
3-7-1988

வசைபாடும் வாய்க்கு வைரப்பூட்டு செய்து போடத் தகுந்த என் செல்வ மருமகளுக்கு, சிறைக்கைதி சங்கரலிங்கம் கண்ணீரால் மை கரைத்து எழுதுவது. நான் நலமில்லை. என்னை நலமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கொடுமையைத்தான் எழுதப்போகிறேன். பொய் இல்லாமல் எழுதச் சொன்னாய், அதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. பழக்கமில்லை, ஆனாலும் முயல்கிறேன்.

நீ வந்து திரும்பிய மறுநாள் காலையில் உன் மாமனார் அடுப்பிலிருந்து சிலந்தியை அப்புறப்படுத்தினார். மாடத்தியிடம் குதிரைவாலி வாங்கி, தானே களைந்து, தானே பொங்கினார். அந்தக் கையால்! கிளறவே இல்லை. பூவாக மலர்ந்தது. தட்டில் போட்டு என் முன்னால் வைத்து, “தின்னும்” என்றார்.

“எனக்கு எறங்காது” என்றேன்.

“ஊருக்கு எறங்கும்னு எழுதுனீருல்லா?”

“அது ஊருக்கு. நீரு தின்னும், நானும் திங்கேன்.”

ஆவுடை, நான் அதைச் சொன்னது அவர் மாட்டார் என்கிற தைரியத்தில்தான். மனுசர் கரண்டியோடு வெகுநேரம் அப்படியே நின்றார். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், திரும்பியும் வந்தான். அவர் அதே இடத்தில் நின்றார். எனக்கே பாவமாகிவிட்டது. “விடும் ஓய், வேண்டாம், நான் திங்கேன்” என்று தட்டை இழுத்தேன். “இரும்” என்றார். உள்ளே போய் ரெண்டு பலகை எடுத்து வந்து எதிரெதிரே போட்டார். இன்னொரு தட்டு வைத்தார். உட்கார்ந்தார்.

ரெண்டு பேருக்கும் அவரே பரிமாறினார். பிசைந்தார். முதல் வாயை வாயில் வைக்கும்போது நான் அவரைப் பார்க்கவில்லை. கூரையில் ஒரு பல்லியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து, “உப்பு பத்தலை” என்றார். “ஆமாம்” என்றேன். அம்புட்டுத்தான் பேச்சு. ரெண்டு தட்டும் காலி.

அன்றிலிருந்து சர்வாதிகாரம். காலையில் கம்மங்கூழ், மதியம் குதிரைவாலி, ராத்திரி கேப்பை அடை. நான் ஒரு வாய் குறைத்தால் அவரும் கையை உதறிவிடுவார். அவர் பட்டினி கிடந்தால் புண் என்ன ஆகும்? உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்தப் பயத்திலேயே தின்று தொலைக்கிறேன். அவரும் என் பொருட்டுத்தான் தின்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பரோட்டாக் கடைக்காரர் என்னைக் கண்டால் சட்டியை மூடுகிறார். மாத்திரை நேரத்துக்கு என்னை எழுப்புகிற சத்தத்தில் சஞ்சீவி மலையிலிருந்து ஒரு பாறை உருண்டுவிட்டது. (இது பொய். மன்னித்துவிடு.)

நேற்று இங்கே டாக்டரிடம் ரெண்டு பேரும் போனோம். புண் வற்றித் தோல் கூடுகிறது. விரலை எடுக்க வேண்டியதில்லை, இப்படியே வாயைக் கட்டினால் போதும் என்றார். வெளியே வந்ததும் சம்பந்தி அந்தக் காலைச் செருப்போடு தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “மாப்பிள்ளைக்கு எழுதட்டுமா?” என்றேன். “நான் எழுதிட்டேன்” என்றார். முந்தின நாளே எழுதிவிட்டாராம்!

ஆகவே, மகளே, இந்தக் கொடுங்கோலரை உடனே வந்து கூட்டிக்கொண்டு போ. ஒரு நிமிசமும் தாமதிக்காதே. இந்த வாரம் மட்டும் வேண்டாம், மில்லுக்கு எதிரே ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் பஸ்ஸில் தேர்க்கூட்டம் நெருக்கும். காளிராஜ் லீவில் வந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு நேராக இங்கே வரட்டும், நாலு பேருக்கும் குதிரைவாலி இருக்கிறது. அதற்குள் சம்பந்திக்கு மாற்றுச் சட்டை ரெண்டு கொடுத்தனுப்பு. என் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறார், நானே என்னைப் பரோட்டா தின்னாதே என்று மிரட்ட வருகிற மாதிரி இருக்கிறது.

அவருக்கு ஒரு கம்பளிப் போர்வையும் வேண்டும். கனமானதாகப் பார்த்து அனுப்பு. ராஜபாளையத்தில் இந்த வருசம் பனி இப்போதே தொடங்கி, அடுத்த பங்குனி வரை விடாமல் பெய்யுமாம்.

உன் மாமன்
சங்கரலிங்கம்